நிராகரிக்கப்பட்ட வெப்பம்

என் நோட்டில் நான்கு பத்திகள் உண்டு. தேதி, வெளியே, உள்ளே, பூண்டு. நடுவில் உள்ள இரண்டும் வெப்பநிலை. நான்காவதில் ஒரே ஒரு சொல் எழுதுவேன்: ஈரம், வாடல், சருகு. 'சருகு' என்று எழுதும் நாளில் பூண்டு காய்ந்துவிட்டது என்று பொருள். இந்த நான்காவது பத்தியால்தான் எல்லாத் தொல்லையும் வந்தது என்று எங்களுக்கு மானியம் கொடுத்த வாரியம் பிறகு சொன்னது. இருக்கலாம். கோடு போட்டபோது நான் யாரையும் கேட்கவில்லை.

வடகவுஞ்சி பூண்டு விவசாயிகள் குழுவில் நான் எழுத்தர். வாரத்தில் மூன்று மாலை பெருமாள்மலைக்குப் பஸ் ஏறி அலுவலக நடைமுறை வகுப்புக்குப் போகிறேன். முதல் நாள் அங்கே சொன்னது, பார்த்ததை முதலில் எழுது, நினைத்ததைப் பிறகு எழுது என்பது. என் நினைப்பின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. அதனால் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எங்கள் குழுவுக்கு ஊரின் மேல்புறத்தில் ஓர் உலர்கூடம் இருக்கிறது. இரண்டு பக்கம் கல்சுவர், கிழக்கிலும் தெற்கிலும் முழுக்கக் கண்ணாடி. ஆவணிக் கடைசியில் பிடுங்கும் பூண்டை அதன் தண்டுத் தாளோடு கட்டி அங்கே தொங்கவிடுவோம். முன்பெல்லாம் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கும். இப்போது எல்லா வீட்டிலும் கேஸ் அடுப்பு, காங்கிரீட் கூரை. புகையும் இல்லை, தொங்கவிட உத்திரமும் இல்லை. அதற்காகத்தான் மலைப்பகுதிப் பசுமைக் கட்டட வாரியத்தில் மானியம் வாங்கி இந்தக் கூடத்தைக் கட்டினார்கள். வெளியே பதினெட்டு டிகிரி இருந்தால் உள்ளே முப்பது இருக்கும்.

இந்த முறை ராக்காயி அத்தை முப்பத்தொரு கட்டு தொங்கவிட்டிருந்தார். எல்லாமே விதைப் பூண்டு. போன போகம் பனியில் கருகியதில் அவருக்கு மிஞ்சியது அவ்வளவுதான். விதைப் பூண்டு காயாவிட்டால் ஒன்று அழுகும், இல்லையென்றால் நடவுக்கு முன்பே முளைக்கும். எது நடந்தாலும் அடுத்த போகம் இல்லை.

கட்டுகள் ஏறிய மூன்றாம் நாள் வாரியத்திலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள்.

துணை இயக்குநர் சேனாதிபதி ஸ்வெட்டர், மப்ளர், குரங்குக் குல்லாவோடு கூடத்துக்குள் நுழைந்தார். இரண்டாம் நிமிடத்தில் மப்ளரைக் கழற்றினார். ஐந்தாம் நிமிடத்தில் அவர் நெற்றியில் ஒரு துளி வேர்வை தோன்றியது. அதை விரலால் தொட்டு, உதவிப் பொறியாளர் ஸ்டீவனிடம் காட்டினார். ஸ்டீவன் அந்த விரலைப் போட்டோ எடுத்தார்.

"பதினெட்டு வருஷமா இந்த வாரியத்துல இருக்கேன். ஒரு கட்டடத்துக்குள்ளயும் எனக்கு வேர்த்தது கிடையாது," என்றார் சேனாதிபதி.

குழுத் தலைவர் செல்லப்பாண்டி மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "அதுக்குன்னே கட்டுனதுங்க. இன்னும் அரை மணி நேரம் நின்னீங்கன்னா சட்டை நனைஞ்சிரும்."

"வெயில் இவ்வளவு உள்ள வருதே. தடுக்க ஒண்ணுமே செய்யலையா?"

"வரணும்னுதானுங்க தெக்கால பாத்துக் கட்டுனோம்."

சேனாதிபதி ஸ்டீவன் பக்கம் திரும்பினார். "நோட் பண்ணிக்கோங்க. வேணும்னே பண்ணியிருக்காங்க."

ஸ்டீவன் எங்களுக்கு விளக்கினார். மானியத்தில் கட்டிய எந்தக் கட்டடத்திலும் சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கண்ணாடி இருந்தால், அது வெயில் தடுப்புக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்பது புது விதி. "சோலார் கன்ட்ரோல் கிளாஸ். மேல ரொம்ப மெல்லிசா ஒரு உலோகக் கோட்டிங் இருக்கும். வெளிச்சத்தை விடும், சூட்டைத் திருப்பி அனுப்பிரும். ரூம் கூலா இருக்கும். ஏ.சி. பில் பாதியாக் குறையும்."

"எங்ககிட்ட ஏசி இல்லையே தம்பி," என்றார் ராக்காயி அத்தை.

"ஏ.சி. இல்லாமலே பில் குறைஞ்சா இன்னும் நல்லதுதானம்மா."

"இங்க வெயிலே நாலு மணி நேரந்தான் அடிக்கி. அதையும் திருப்பி அனுப்பிட்டா பூண்டு எதுல காயும்?"

சேனாதிபதி கையை உயர்த்தினார். மேடை இல்லாத இடத்திலும் அவர் மேடையில் பேசுவது போலத்தான் பேசினார். "அம்மா, வெயில் ஒரு பெரிய பிரச்சினை. அது உங்க ஊர்ல இல்லைங்கறது உங்க அதிர்ஷ்டம். அதுக்காகத் தீர்வு வேணாம்னு சொல்லக் கூடாது. சமவெளிக்கு ஒரு தீர்வு, மலைக்கு ஒரு தீர்வுன்னா அதுக்குப் பேரு பாகுபாடு. நான் இருக்கிற வரைக்கும் அது நடக்காது."

செல்லப்பாண்டி மாமா பழக்க தோஷத்தில் கைதட்டிவிட்டார்.

போகும்போது சேனாதிபதி என் நோட்டை வாங்கிப் பார்த்தார். எண்கள் வரிசையாக இருப்பது அவருக்குப் பிடித்திருந்தது. நான்காவது பத்தியில் விரலை வைத்தார். "இது எதுக்கு?"

"பூண்டு எந்த நிலையில இருக்குன்னு சார்."

"நாம அளக்கறது கட்டடத்தை. பூண்டை இல்ல."

மறுநாளே படிவம் ஏழு வந்தது. அதில் மூன்று பத்திகள்தான் இருந்தன. தினமும் மூன்று வேளை நிரப்பி வாரா வாரம் அனுப்ப வேண்டும். நான் படிவத்தையும் நிரப்பினேன், நோட்டையும் விடவில்லை.

வாரியம் எதையும் இவ்வளவு வெரசாகச் செய்து தான் பார்த்ததில்லை என்றார் மாமா. ஐந்தே நாளில் கண்ணாடி வந்துவிட்டது. மாட்ட வந்த பவுல்ராஜ் பழனிக்காரர். ஒரு பலகையை நிறுத்திவிட்டுக் கைகளைத் தேய்த்துக்கொண்டு சொன்னார்: "கோயமுத்தூர்ல ஆஸ்பத்திரிக்கு மாட்டியிருக்கேன், திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு மாட்டியிருக்கேன். மாட்டின மறுநாளே ஃபேனைக் கொறைச்சு வச்சாங்க. ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு மாட்டுறது இதான் மொதத் தடவை. நல்ல கண்ணாடி தாயி. எடந்தான் தப்பு."

அவர் சொன்னதையும் நோட்டில் எழுதினேன். ஆனால் எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியாமல் ஓரத்தில் எழுதினேன்.

அடுத்த நாள் நண்பகல். வெளியே இருபது, உள்ளே பதினாறு. எனக்குத் தெர்மாமீட்டரின் மேல் சந்தேகம் வந்தது. பிறகு என் கண்ணின் மேல் வந்தது. கொடைக்கானலில் இன்னொரு தெர்மாமீட்டர் வாங்கி வந்து பக்கத்திலேயே மாட்டினேன். அதுவும் பதினாறு காட்டியது. பூண்டுப் பத்தியில் 'வாடல்' என்று நான்கு நாள் எழுதியிருந்தேன். ஐந்தாம் நாள் மறுபடி 'ஈரம்' என்று எழுத வேண்டியிருந்தது. இது வரை நான் அந்த வரிசையில் பின்னோக்கிப் போனதில்லை.

படிவங்களை அனுப்பிய வாரம் பாராட்டுக் கடிதம் வந்தது. 'உட்புற வெப்பம் பதினான்கு டிகிரி குறைக்கப்பட்டுள்ளது. மாநிலத்தின் எந்தக் கட்டடமும் எட்டாத சாதனை. பதிவேட்டை நேர்மையாகப் பராமரித்த எழுத்தர் த. தமிழ்மதிக்கு வாரியத்தின் பாராட்டுகள்.' கடிதத்தை ராக்காயி அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அவர் ஒரு பூண்டை நசுக்கி என் கையில் வைத்தார். தோல் ஈரமாக ஒட்டிக்கொண்டது.

"நீ எழுதுறதெல்லாம் நெசந்தான?" என்று கேட்டார்.

"நெசந்தான் அத்தை."

"அப்புறம் எப்படித்தா அது அவங்களுக்குச் சாதகமா இருக்கு?"

மாமாவும் நானும் மனு எழுதிக்கொண்டு வெள்ளனே பஸ் ஏறிக் கொடைக்கானல் கிளை அலுவலகத்துக்குப் போனோம்.

அது பழைய பங்களா. பெரிய பெரிய ஜன்னல்கள், எல்லாவற்றிலும் சாதாரணக் கண்ணாடி. எல்லா மேசைகளையும் ஜன்னலோரமாக இழுத்துப் போட்டு வெயிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். நிழல் பக்கத்தில் கோப்புகள் இருந்தன. சேனாதிபதியின் காலடியில் ஹீட்டர் சிவப்பாக எரிந்தது. நான் ஜன்னலையே பார்ப்பதைக் கவனித்த அவர், "இது பாரம்பரியக் கட்டடம். விதிவிலக்கு," என்றார்.

மாமா மனுவை நீட்டினார். "சார், கூடத்துல குளிரு தாங்கலீங்க. பூண்டு பூராம் ஈரம் கோத்துக் கெடக்கு. பழைய கண்ணாடியையே மாட்டிக்கிறோம்ங்க."

"சூடு வேணும்னு கேக்கறீங்க. அது வெப்பமூட்டல் பிரிவு. நாங்க குளிர்ச்சிப் பிரிவு."

"வெப்பமூட்டல் பிரிவு எங்க சார் இருக்கு?" என்று கேட்டேன்.

"ராமநாதபுரத்துல."

நான் தவறாகக் கேட்டிருப்பேன் என்று நினைத்துத் திரும்பக் கேட்டேன். ராமநாதபுரம்தான்.

"ரொம்பத் திறமையான பிரிவு," என்றார் சேனாதிபதி. "ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அங்க ஒரு மனு கூட நிலுவையில இல்ல."

மனுவை அங்கே அனுப்பிவிட்டுத் திரும்பினோம். ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மாமா, "ஹீட்டர் பக்கத்துல நின்னப்ப நல்லா இருந்துச்சுல்ல," என்றார்.

வழியைக் கண்டுபிடித்தவர் ராக்காயி அத்தை. மனுவுக்குப் பதில் வருமா என்று தினமும் கூடத்துக்கு முன்னால் முற்றத்தில் வந்து உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "மதி, இங்க வந்து நில்லு. வானத்துல ஒரு சூரியன் காயுது. கண்ணாடிக்குள்ள ஒண்ணு காயுது. மூஞ்சியிலயும் வெயிலு, முதுகுலயும் வெயிலு."

தெர்மாமீட்டரை எடுத்து வந்து முற்றத்தில் வைத்தேன். உள்ளே பதினாறு, வெளியே நிழலில் இருபது, முற்றத்தில் இருபத்தெட்டு. கண்ணாடி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது. உள்ளே விடாத சூட்டையெல்லாம் முற்றத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானமே நான்கு கம்பம் நட்டுக் கயிறு கட்டினோம். முப்பத்தொரு கட்டும் வெளியே வந்து கண்ணாடியைப் பார்த்துத் தொங்கின. மற்றவர்களும் தங்கள் கட்டுகளைக் கொண்டுவந்தார்கள். பிறகு மிளகாய் வந்தது, போர்வை வந்தது. தலைக்குக் குளித்த பெண்கள் வரிசையாகக் கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். மாமா ஒரு நாற்காலி போட்டுக்கொண்டார். நோட்டில் ஐந்தாவதாக 'முற்றம்' என்று ஒரு பத்தி போட்டேன். எட்டாம் நாள் பூண்டுப் பத்தியில் 'வாடல்' வந்தது. இன்னும் ஒரு வாரம் இதே வெயில் அடித்தால் 'சருகு' எழுதிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்குப் போட்டதை யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்தாவது பத்தியைச் சேர்த்தே படிவத்தோடு அனுப்பினேன். பார்த்ததை எழுத வேண்டும் என்றுதான் அனுப்பினேன். அனுப்பியிருக்கக் கூடாது.

ஸ்டீவன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். முற்றத்தைச் சுற்றி நடந்தார். "இது ரிஜெக்டட் ஹீட்டுங்க. இதை யூஸ் பண்ணக் கூடாது," என்றார்.

"வேணாம்னு வெளிய தள்ளுனதுதான தம்பி. அதை எடுத்துக்கிட்டா என்ன?" என்றார் அத்தை.

"நீங்க எடுத்துக்கிட்டா அது சேமிப்புக் கணக்குல எப்படிம்மா வரும்?"

மூன்றாம் நாள் சேனாதிபதியின் ஆணை வந்தது. வகுப்பில் எத்தனையோ கடிதங்களைப் படித்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் படித்ததில்லை. 'தங்கள் கட்டடத்தால் நிராகரிக்கப்பட்ட வெப்பம் நிராகரிக்கப்பட்ட நிலையிலேயே இருத்தல் வேண்டும். தனிநபர்கள் அதனை அனுபவிப்பது திட்டத்தின் நோக்கத்துக்கு எதிரானது. முற்றத்திலுள்ள பொருள்கள் யாவும் உடனே கட்டடத்துக்குள் வைக்கப்பட வேண்டும். நட்சத்திரத் தகுதி ஆய்வுக்காக இருபத்தொரு நாள் கட்டடம் பூட்டி முத்திரையிடப்படும். கதவைத் திறந்தால் வெப்பம் உள்ளே புகும் என்பதால் யாரும் திறக்கலாகாது. மீறினால் குழுவின் மானியங்கள் அனைத்தும் திரும்பப் பெறப்படும்.'

அத்தை கட்டுகளைத் தன் வீட்டுக்குத் தூக்கப் பார்த்தார். மாமா குறுக்கே நின்றார். "ஆணையில யாவும்னு போட்டிருக்கு ராக்காயி. ஒரு கட்டு குறைஞ்சாலும் எல்லாருக்கும் விதை மானியம் போயிரும். இருபத்தொரு நாள்தான. நடவுக்கு அதுக்கப்புறமும் இருபது நாள் கெடக்கு."

"ஏலே செல்லப்பாண்டி, பூண்டுக்கு உன் ஆணை வாசிக்கத் தெரியுமாலே?" என்றார் அத்தை. ஆனால் நாற்பது குடும்பம் முற்றத்தில் நின்றது. அவர் அவர்களைப் பார்த்தார். பிறகு தானே கட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோய்த் தொங்கவிட்டார். ஸ்டீவன் கதவில் அரக்கு வைத்தார். உள்ளே இருக்கும் கருவி வெப்பநிலையை நேராக வாரியத்துக்கே அனுப்பிவிடும் என்றார்.

அன்று முதல் மழையும் மஞ்சும் இறங்கின. நான் தினமும் மூன்று வேளை போய்க் கண்ணாடி வழியாக உள்ளே பார்க்க முயன்றேன். பகலில் அது முகம் பார்க்கும் கண்ணாடி போல இருந்தது. நோட்டோடு நிற்கும் நான்தான் தெரிந்தேன். பூண்டுப் பத்தியில் ஒன்பது நாள் 'தெரியவில்லை' என்று எழுதினேன்.

பத்தாம் நாள் வகுப்பு முடிந்து வரும்போது வெளிச்சம் மங்கியிருந்தது. கைப்பேசி விளக்கைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தேன். அப்போதுதான் உள்ளே தெரிந்தது. கட்டுகளிலிருந்து பச்சையாக முளை நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு அங்குலம் இருக்கும். கீழ்வரிசைக் கட்டுகளில் வெள்ளைப் பூசணம்.

அத்தையைக் கூட்டி வந்தேன். அவரும் விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தார். "நான் கதவை ஒடைச்சா அதையும் நீதாம்த்தா எழுதணும். எழுதுவியா?" என்றார்.

"முதல்ல சொல்லிப் பாக்கிறேன் அத்தை."

அதற்காக இன்றும் என்னைத்தான் நொந்துகொள்கிறேன். ஸ்டீவனை அழைத்தேன். "உள்ள பூண்டு முளைச்சிருச்சு சார். தயவுசெஞ்சு கதவைத் திறந்துவிடுங்க."

"முளைச்சிருக்கா? பச்சையாவா? போட்டோ அனுப்புங்க."

அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் அவரே கூப்பிட்டார். குரலில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது. "சார் ரொம்ப ஹேப்பி. கட்டடத்துக்குள்ள செடி இருந்தா உட்புறப் பசுமைன்னு தனி மார்க் இருக்கு. இதுவரைக்கும் யாருமே வாங்கினதில்ல. நாலு நட்சத்திரம் அஞ்சாயிருச்சு. நட்சத்திரம் கொடுக்கிற விழா இருக்கு, அது முடியற வரைக்கும் யாரும் கை வைக்க வேணாம்."

"அழுகுது சார்."

"அது ஃபார்ம்ல வராதுங்க."

விழாவைக் கூடத்துக்குள் நடத்துவதாகத்தான் ஏற்பாடு. இருபத்தோராம் நாள் வெயில் எட்டிப் பார்த்தது. சேனாதிபதி அரக்கை உடைத்து உள்ளே போனார். பன்னிரண்டு டிகிரி. அரை நிமிடத்தில் குல்லாவைக் காதுக்குக் கீழே இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். "விருந்தினர்களுக்கு உள்ள கஷ்டமா இருக்கும். வெளிய போடுங்க," என்றார். நாற்காலிகளை முற்றத்தில், கண்ணாடிக்கு எதிரே போட்டார்கள். எல்லா அதிகாரிகளும் வெயிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் மப்ளர்கள் கழன்றன.

சேனாதிபதி பேசினார். "ஒரு நல்ல கட்டடம் எது? மின்சாரம் செலவழிக்காத கட்டடம். இந்தக் கட்டடம் இருபத்தொரு நாள்ல ஒரு யூனிட் கூட செலவழிக்கல. ஏன்? அதுக்குள்ள யாருமே இல்ல. மனுஷங்க உள்ள போறதாலதான் கட்டடங்கள் கெட்டுப்போகுதுன்னு நான் பல கூட்டத்துல சொல்லியிருக்கேன். இன்னிக்கு வடகவுஞ்சி அதை நிரூபிச்சிருக்கு."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ராக்காயி அத்தை சாக்கோடு எழுந்து, அதிகாரிகளின் வரிசைக்கு முன்னால் நடந்து, திறந்திருந்த கதவு வழியாக உள்ளே போனார். அவர் பின்னால் இன்னும் ஆறு பெண்கள் போனார்கள். அழுகலை ஒரு சாக்கிலும் முளைத்ததை இன்னொரு சாக்கிலும் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள். அழுகல் சாக்கு மேடையருகே கடக்கும்போது முன்வரிசையில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். மாமா எழுந்தார். தடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் போய் ஒரு சாக்கைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"பாருங்க," என்றார் சேனாதிபதி ஒலிபெருக்கியில். "பயனாளிகள் எவ்வளவு ஆர்வமாப் பயன்படுத்தறாங்க." கைதட்டல் எழுந்தது.

நடவுக்கு இருபது நாள் இருந்தது. மண் சேறாக இருந்தது. ஆனாலும் முளைத்த விதை காத்திருக்காது. அன்று மாலைக்குள் அத்தையின் காட்டில் ஊன்றிவிட்டோம். முப்பத்தொரு கட்டில் ஊன்ற முடிந்தது பதினான்கு. நான் ஊன்றிய சால் கோணலாகப் போனதை அத்தை இரண்டு தடவை சொல்லிக்காட்டினார்.

பத்து நாள் கழித்து வாரியத்தின் கடிதம் வந்தது. விழாவுக்குப் பின் எடுத்த படத்தில் உட்புறப் பசுமை காணப்படவில்லை. ஐந்தாவது நட்சத்திரம் நிறுத்தி வைக்கப்படுகிறது. பசுமை அகற்றப்பட்டதற்கான காரணத்தை ஏழு நாளில் எழுத்தர் எழுத்துமூலம் விளக்க வேண்டும். கடிதத்தின் கூடவே ராமநாதபுரத்திலிருந்து ஒரு பதிலும் வந்திருந்தது. எங்கள் கூடத்தின் உட்புற வெப்பநிலை சிறப்பாக இருப்பதாக வாரியப் பதிவேடு காட்டுவதால் மனு முடித்துவைக்கப்பட்டது.

விளக்கத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். முதலாவது மிக நீளம். இரண்டாவதில் மன்னிப்புக் கேட்டிருந்தேன். மூன்றாவதில் கோபம் இருந்தது. கோபம் சரிதானா என்று சந்தேகம் வந்தது. நான்காவதைப் படித்தால் வாரியத்துக்கு இன்னொரு நட்சத்திரம் கிடைக்கும் போலிருந்தது.

கடைசியில் படிவம் ஏழையே எடுத்தேன். அளவுகோல் வைத்து வலது ஓரத்தில் ஒரு கோடு போட்டேன். பத்திக்கு மேலே 'பூண்டு' என்று எழுதினேன். கீழே எழுதினேன்:

'அது விதை. நட்டுவிட்டோம்.'